கயிற்றை விட்டபின் ஆறு நிமிடம்

கிளைடரை மேலே இழுத்துப்போன கயிற்றை விட்ட ஆறாவது நிமிடம் ஒரு கோதுமை வயலில் உட்கார்ந்திருந்தேன். தென்கிழக்கு பிரான்ஸ், ஏப்ரல் மாதம், மதியம் ஒன்றரை மணி. கிளைடரின் மூக்கு மலையைப் பார்த்து நின்றது. வயல் மலையை நோக்கி ஏறும் சரிவு என்பதால் சக்கர பிரேக்கை விட்டால் வண்டி பின்னாலேயே உருளும். பிடித்துக்கொண்டே இருந்தால் இறங்க முடியாது. வெளியே காற்று இறக்கைகளைப் பிடித்து உலுக்கிக்கொண்டிருந்தது. ஃபோனில் ஒரு கோடு சிக்னல் வரும், போகும். அந்த நேரத்தில் எனக்குப் பயம்கூட இல்லை. வெட்கம்தான். இதையெல்லாம் முந்தைய நாள் யாராவது உட்காரவைத்துச் சொல்லியிருந்தால் என்று பல நாள் நினைத்தேன். உண்மையில் சொல்லக் காத்திருந்தார்கள், நான்தான் கேட்கவில்லை. அதனால்தான் எழுதுகிறேன்.

நான் கம்பம் பக்கத்துக்காரன். வேலை நிமித்தம் இங்கிலாந்துக்கு வந்து ஒன்பது வருடம் ஆகிறது. ஆறு வருடமாகக் கிளைடர் ஓட்டுகிறேன். கிளைடரைத் தெரியாதவர்களுக்கு: இன்ஜின் இல்லாத விமானம். யாராவது மேலே ஏற்றிவிட வேண்டும், பிறகு மேலெழும் காற்றைத் தேடிப் பருந்து மாதிரி பிழைத்துக்கொள்ள வேண்டும். ஏற்றிவிட இரண்டு வழி. ஒன்று வின்ச்: தரையில் ஒரு இன்ஜின் கம்பியைச் சுருட்டி இழுக்க, பட்டம் மாதிரி செங்குத்தாக ஏறுவது. இன்னொன்று ஏரோடோ: இன்ஜின் உள்ள சிறு விமானம் ஒன்று ஐம்பது, அறுபது மீட்டர் கயிற்றில் கட்டி இழுத்துப்போவது. அந்த விமானத்தை டக் என்போம். எங்கள் கிளப் இருப்பது இங்கிலாந்தின் தட்டையான கிழக்குப் பகுதியில். நான் கற்றது பெரும்பாலும் வின்ச்சில். ஏரோடோ மொத்தமே நாற்பது தடவை இருக்கும், எல்லாமே சமவெளிக்கு மேல். லாக் புத்தகத்தில் நூற்றிருபது மணி நேரம் சேர்ந்திருந்தது. அது போதும் என்று நினைத்துக்கொண்டேன்.

ஐரோப்பாவில் கிளைடர் ஓட்டுகிறவர்களுக்கு பிரான்ஸின் தெற்கு ஆல்ப்ஸ் காசி யாத்திரை மாதிரி. சிஸ்டெரோன் ஊரைச் சுற்றி, துரான்ஸ் ஆற்றங்கரையில், ஒன்றுக்கு அடுத்து ஒன்றாகக் கிளைடர் தளங்கள். 1997-இல் உலகச் சாம்பியன்ஷிப் நடந்த சேன்ட் ஓபானும் அங்கேதான். கிளப் நண்பர்கள் நான்கு பேர், இரண்டு கார், இரண்டு டிரெய்லர். கடலைக் கடந்து காலேயிலிருந்து இரண்டு நாள் ஓட்டிப் போனோம். கிளப்பின் எல்எஸ்4 கிளைடரை பதினான்கு நாளுக்கு நான் வாடகைக்கு எடுத்திருந்தேன். பறந்தாலும் பறக்காவிட்டாலும் பணம் திரும்பாது. இரண்டாம் நாள் இரட்டை இருக்கை கிளைடரில் பயிற்சியாளரோடு ஒரு சுற்று. வெயில், மெல்லிய காற்று, சரிவை ஒட்டி லேசான ஏற்றம். எல்லாம் அழகாக நடந்தது. மூன்றாம் நாள் தனியாக இரண்டு மணி நேரம் பறந்தேன். நான்காம் நாள் காலை கதவைத் திறந்தால் மிஸ்ட்ரால்.

மிஸ்ட்ரால் என்பது வடக்கிலிருந்து வரும் குளிர்ந்த வறண்ட காற்று. வானத்தைத் துடைத்துவைத்த மாதிரி நீலமாக்கிவிட்டு வீசும். நம்மூர் ஆடிக்காற்றுக்கு அண்ணன். ஆடிக்காற்றில் அம்மியே பறக்கும்போது கிளைடர்காரனுக்குக் கொண்டாட்டம் என்றால் ஆச்சரியமாக இருக்கலாம். காரணம் லூர் மலை. (லூர்து மாதா கோயில் ஊர் வேறு, அது பிரெனே மலைப் பக்கம்.) கிழக்கு மேற்காக நீளமாகப் படுத்திருக்கும் இந்த மலையின் உச்சி 1,826 மீட்டர். வடகாற்று அதன் மேல் மோதி, ஏறி, தெற்குப் பக்கம் விழும். விழுந்தது அங்கேயே நிற்பதில்லை. ஓடையில் கல்லைத் தாண்டும் தண்ணீர் கல்லுக்குப் பின்னால் மேலும் கீழும் அலை அலையாகப் போகுமே, அப்படி. அந்த அலையின் ஏறுமுகத்தில் போய் நின்றுவிட்டால் கிளைடர் ஆயிரக்கணக்கான மீட்டர் சத்தமில்லாமல் ஏறும். அதே அலைக்கு அடியில் இருப்பது ரோட்டர். உருட்டுக்கட்டை மாதிரி மலைக்கு இணையாகப் படுத்துச் சுழலும் கலங்கிய காற்று. அலைக்குப் போகிற டக் பெரும்பாலும் ரோட்டரைக் கிழித்துக்கொண்டுதான் போக வேண்டும்.

காலை ஒன்பதரைக்கு விளக்கக் கூட்டம். பிரெஞ்சில் சொல்லிவிட்டு எங்களுக்காக ஆங்கிலத்திலும் சொன்னார்கள். கடைசியில் பயிற்சியாளர் கேட்டார்: "ரோட்டருக்குள் ஏரோடோ இதுவரை போகாதவர்கள் யார்? இரட்டை இருக்கையில் முதல் சுற்று நான் கூட வருகிறேன்." இருபது பேர் இருந்தோம். ஒரு ஜெர்மன் பெண் கை தூக்கினாள், ஒரு வயதான பெல்ஜியத்துக்காரர் தூக்கினார். என் கை தொடையிலேயே இருந்தது. அறையில் பழுப்புத் தோல் நான் ஒருவன்தான். ஆங்கிலத்திலேயே சில சமயம் திரும்பச் சொல்லச் சொல்லிக் கேட்பவன். நண்பர்கள் வேறு பக்கத்தில். தெரியாது என்று சொல்ல நாக்கு வரவில்லை. பள்ளிக்கூடத்தில் "புரிஞ்சுதா?" என்று வாத்தியார் கேட்டால் மொத்த வகுப்பும் "புரிஞ்சுது சார்" என்போமே, அந்த வியாதி நாற்பது வயதிலும் போகவில்லை. அந்தக் கையைத் தூக்கியிருந்தால் எனக்கு ஆகியிருக்கும் செலவு இரட்டை இருக்கைக்கு ஒரு மணி நேர வாடகை.

டக் விமானி எழுபதை நெருங்கும் மெலிந்த மனிதர். வரிசையில் நின்றபோது என்னிடம் வந்து, மலையைக் காட்டி, கையால் குலுக்கிக் காட்டி, "ஆயிரத்து ஐந்நூறு, சரியா?" என்றார். அங்கே உயரமெல்லாம் கடல் மட்டத்திலிருந்து, மீட்டரில். நான் "உய், உய்" என்றேன். ஆமாம் என்பதற்கு எனக்குத் தெரிந்த ஒரே பிரெஞ்சு. உயரம் காட்டும் என் ஆல்டிமீட்டர் அடிக் கணக்கில், அதுவும் இங்கிலாந்துப் பழக்கப்படி தளத்தில் நிற்கும்போது பூஜ்யம் காட்டும்படி வைத்திருந்தேன். சமவெளியில் இது வசதி. முள் 800 காட்டினால் கீழே எங்கே பார்த்தாலும் தரை 800 அடி கீழே. மலையில் இது நேரடியான பொய். நாங்கள் பறந்த தளம் கடல் மட்டத்திலிருந்து சுமார் 460 மீட்டர். லூர் மலையின் தெற்கு அடிவாரத்துக் கிராமங்களோ எழுநூறு மீட்டரை ஒட்டி. ஆக என் முள் 1,000 அடி காட்டும்போது அந்த வயல்களுக்கு மேல் எனக்கு இருப்பது 200 அடி சொச்சம்தான். இதை நான் கணக்குப் போட்டது வயலில் உட்கார்ந்திருந்தபோது. மலைக்குப் போகிறீர்கள் என்றால் ஆல்டிமீட்டரைக் கடல் மட்டத்துக்கு வையுங்கள். போகிற வழியில் இறங்கக்கூடிய இடங்களின் உயரத்தை ஒரு துண்டுத் தாளில் எழுதித் தொடையில் ஒட்டிக்கொள்ளுங்கள். அடி, மீட்டர் மாற்றத்தை மேலே போய் மனக்கணக்காகப் போடாதீர்கள். குலுங்கும்போது மூன்றால் பெருக்கக்கூட வராது.

புறப்பட்டதும் முதல் இரண்டு நிமிடம் சரியாகத்தான் போனது. பிறகு ஒரு சின்ன உறுத்தல். ஏரோடோவில் நாம் டக்கின் வால்காற்றுக்கு (அதன் புரொபெல்லர் பின்னால் தள்ளும் கலங்கிய காற்று) சற்று மேலே இருக்க வேண்டும். சமவெளியில் இதற்கு எளிய அடையாளம் அடிவானம்: டக் அடிவானத்தின் மேல் உட்கார்ந்த மாதிரி தெரிந்தால் சரி. இங்கே அடிவானம் எங்கே? முன்னால் மலை. மலையின் உச்சிக்கோட்டை நம் கண் அடிவானமாக எடுத்துக்கொள்கிறது. டக்கை அந்தக் கோட்டுக்குக் கொண்டுவரப் பார்த்தால் நாம் வால்காற்றுக்குள் இறங்கி உதறல் வாங்குவோம். பயந்து மேலே இழுப்போம், அளவுக்கு மீறி ஏறிவிடுவோம். நான் இரண்டையும் செய்தேன். மலையில் டக்கை டக்கோடுதான் ஒப்பிட வேண்டும். அமைதியான காற்றில், கொஞ்சம் உயரம் கிடைத்ததும், மெல்ல இறங்கி வால்காற்றின் மேல் விளிம்பைத் தொட்டுப் பார்த்துவிட்டு சற்று மேலே வாருங்கள். அந்த இடத்திலிருந்து டக்கின் வால் அதன் இறக்கைக்கு எதிரில் எங்கே தெரிகிறது என்று மனதில் பதிய வையுங்கள். அதன்பிறகு பின்னால் இருப்பது மலையோ மேகமோ, படம் மாறாது. திருப்பத்திலும் அப்படித்தான்: டக் எவ்வளவு சாய்கிறதோ அவ்வளவே சாய்ந்து, மூக்கை டக்கின் வெளிப்பக்க இறக்கை நுனியை நோக்கி வைத்தால் அதன் வட்டத்திலேயே இருப்போம். உள்ளே வெட்டிப் போனால் கயிறு தொய்யும்.

ஐந்தாவது நிமிடம் ரோட்டர். முன்னறிவிப்பெல்லாம் இல்லை. டக் திடீரென்று லிஃப்டில் ஏறியதுபோல மேலே போனது. கண்ணாடியில் அதன் வயிறு தெரிந்தது, எண்ணெய்க் கறை உட்பட. நான் செய்தது எல்லாரும் செய்வது: அதைத் துரத்தி ஸ்டிக்கை (மூக்கை ஏற்றி இறக்கும் கைப்பிடி) இழுத்தேன். இங்கே ஒரு சின்னக் கணக்கு. இழுவை வேகம் மணிக்கு 120 கிலோமீட்டர், நொடிக்கு 33 மீட்டர். கயிறு 60 மீட்டர். டக்கைத் தூக்கிய அதே காற்று இரண்டு நொடிக்குள் நம்மையும் தூக்கும். நாம் செய்ய வேண்டியது இறக்கையை மட்டமாக வைத்து, இருந்த கோணத்தை விடாமல், அந்த இரண்டு நொடி பொறுப்பதுதான். நானோ இழுத்தேன், பிறகு காற்றும் தூக்கியது, இரண்டும் சேர்ந்து டக்குக்கு மேலே எங்கேயோ போய்விட்டேன். அதே நேரம் டக் இறங்குகாற்றில் விழுந்தது. அது என் மூக்குக்கு அடியில் மறைந்தது. ஒரு நொடி. அதிகம் போனால் ஒன்றரை.

நான் ஓட்டிய எல்எஸ்4-இல் மூக்கில் கொக்கி இல்லை, சக்கரத்துக்கு முன்னால் வயிற்றில்தான். வின்ச்சுக்கு அது வசதி. ஏரோடோவுக்கு அப்படி இல்லை. மூக்குக் கொக்கியாக இருந்தால் கிளைடர் மேலே எகிறும்போது கயிறே மூக்கைக் கீழே பிடித்திழுத்து ஓரளவு நேராக்கும். வயிற்றுக் கொக்கி அதைச் செய்யாது. எகிற ஆரம்பித்தால் எகிறிக்கொண்டே போகும். மேலே போன கிளைடர் டக்கின் வாலைத் தூக்கும். வால் தூக்கப்பட்ட டக்கின் மூக்கு கீழே குத்தும். தரைக்கு அருகில் இது நடந்தால் டக் விமானிக்கு மீள உயரம் இருக்காது. கிளைடர்காரன் பிழைத்துக்கொள்வான், முன்னால் இருந்தவர் சாவார். ஏரோடோவில் ஒரு விதி உண்டு, பாடப் புத்தகத்தில் நானே அடிக்கோடிட்டு வைத்த விதி: டக் கண்ணில் இருந்து மறைந்தால் அந்தக் கணமே கயிற்றை விடும் மஞ்சள் குமிழை இழு. யோசிக்காதே. நான் இழுக்கவில்லை. இடது கை குமிழில்கூட இல்லை, இருக்கை ஓரத்தைப் பிடித்திருந்தது. ஸ்டிக்கை முன்னால் தள்ளினேன், டக் தெரிந்தது, ஆனால் கயிறு பெரிய வளையமாகத் தொய்ந்துபோய் என் இடது பக்கம் ஆடியது. அது விறைக்கிற நொடியில் வந்த உதையில் தலை கண்ணாடிக் கூரையில் இடித்தது. தோள் வார்ப்பட்டைகளை நன்றாக இறுக்கவில்லை என்பதும் அப்போதுதான் தெரிந்தது.

தொய்வு வந்தால் என்ன செய்வது என்று பின்னர் கற்றுக்கொண்டதையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். சிறிய தொய்வை விட்டுவிடலாம், டக் முன்னேறி அதுவே எடுத்துக்கொள்ளும். பெரியது என்றால் தொய்வு இருக்கும் பக்கத்துக்கு எதிர்ப்பக்கமாக மூக்கை ரடரால் (வால் சுக்கான்) கொஞ்சம் விலக்கி, கயிறு விறைக்கும் தருணத்தில் மூக்கைச் சற்றே தாழ்த்தி டக்கின் வேகத்துக்குச் சமமாக்கினால் உதை குறையும். ஏர்பிரேக்கை (இறக்கையிலிருந்து எழும்பி கிளைடரை இறங்கவைக்கும் தகடு) வெடுக்கென்று திறந்தால் கயிற்று முனையில் உள்ள வீக் லிங்க், அதாவது அளவுக்கு மீறி இழுத்தால் அறும்படி வைத்த இணைப்பு, அறுந்துபோகலாம். ரோட்டருக்குள் போகும் முன் ஏர்பிரேக் பூட்டியிருக்கிறதா என்று இரண்டாம் முறை பாருங்கள், குலுக்கலில் திறந்துகொண்டவை உண்டு. டக் தன் வால் சுக்கானை மட்டும் இடமும் வலமும் ஆட்டினால் "உன் ஏர்பிரேக்கைப் பார்" என்று அர்த்தம். இறக்கைகளை ஆட்டினால் "உடனே விடு". பதற்றத்தில் இந்த இரண்டையும் மாற்றிப் புரிந்துகொண்டு, ஏர்பிரேக் திறந்த நிலையிலேயே கயிற்றை விட்டவர்கள் இருக்கிறார்கள்.

விட வேண்டிய நேரத்தில் விடவில்லை. விடக்கூடாத நேரத்தில் விட்டேன். உதைக்குப் பிறகு அரை நிமிடம் போயிருக்கும். ஏறும், இறங்கும் வேகத்தைக் காட்டும் வேரியோ கருவியின் முள் ஏறி எட்டு நாட் வரை போனது. நிமிடத்துக்கு 800 அடி. சட்டை முதுகில் ஒட்டியிருந்தது, வாய் உலர்ந்துபோயிருந்தது, அந்தக் கயிற்றிலிருந்து எப்படியாவது விடுபட வேண்டும் போல இருந்தது. கூடவே இன்னொரு நினைப்பு, சொல்லவே கூச்சமாக இருக்கிறது: அங்கே இழுவைக் கட்டணம் நிமிடக் கணக்கு. இன்னும் மூன்று நிமிடம் என்றால் இன்னும் பதினைந்து யூரோ. எட்டு நாட் ஏற்றம் கையில் இருக்கும்போது எதற்கு? இதுதான் அலை என்று முடிவுகட்டி மஞ்சள் குமிழை இழுத்தேன். ஆல்டிமீட்டர் 2,300 அடி. அவர் சொன்ன 1,500 மீட்டருக்கு என் கருவியில் 3,400 அடி வந்திருக்க வேண்டும். டக் சரிந்து விலகிப் போனது. ரேடியோவில் ஏதோ கேட்டார், எனக்குப் புரியவில்லை. "உய்" என்றேன்.

அலையின் ஏற்றம் வெண்ணெய் மாதிரி இருக்கும். குலுக்கினால் அது அலை அல்ல, ரோட்டர். இந்த ஒரு வரி தெரிந்திருந்தால் போதும். எட்டு நாட் ஏற்றம் ஆறேழு நொடி இருந்தது. சமவெளிப் பழக்கத்தில் அதற்குள் வட்டமடிக்கத் தொடங்கினேன். ரோட்டர் சுழல்வது எப்படியென்றால், மலையைப் பார்த்த பக்கம் ஏறும், எதிர்ப்பக்கம் இறங்கும். முப்பது நாட் வடகாற்றில் ஒரு வட்டம் போட்டால் அந்த வட்டம் முடிவதற்குள் காற்று நம்மைத் தெற்கே தள்ளி இறங்கும் பக்கத்தில் போட்டுவிடும். காற்றுக்கு எதிர்முகமாக நின்று, எட்டு வடிவத்தில் குறுக்கும் நெடுக்குமாக, எப்போதும் மலைப்பக்கமே திரும்பியபடி ஏற வேண்டும். நான் நான்கு வட்டம் போட்டேன். ஏறியதும் இறங்கியதும் சரிக்குச் சரி. ஐந்தாவதில் முள் கீழ்மூலைக்குப் போய் அங்கேயே நின்றது.

தளம் கிழக்கே பதினோரு கிலோமீட்டர். எல்எஸ்4 ஒரு கிலோமீட்டர் உயரத்தில் நாற்பது கிலோமீட்டர் போகும் என்று கையேடு சொல்கிறது. கையேடு சொல்வது அசையாத காற்றுக்கு. மணிக்கு 110 கிலோமீட்டரில் போகும்போது கிளைடர் தானாக இறங்குவது நொடிக்கு ஒரு மீட்டருக்கும் குறைவு. சுற்றியுள்ள காற்றே நொடிக்கு நான்கு மீட்டர் இறங்கினால் நாற்பது என்பது ஆறாகிவிடும். அதனால்தான் மலைக்காரர்கள் கையேட்டு எண்ணைப் பாதியாக்கி, இருபது என்று வைத்துக்கொண்டு, அதற்குள் எட்டக்கூடிய ஓர் இறங்கும் இடம் எப்போதும் கைவசம் இல்லாமல் நகர மாட்டார்கள். மலையின் பின்பக்கத்தில் இருபதும் நிச்சயமில்லை. நான் ஒரு நிமிடம் தளத்தை நோக்கிப் போய்ப் பார்த்தேன். முன்னால் இருந்த மேடு கண்ணாடியில் மேலே ஏறிக்கொண்டே வந்தது. போக முடியாது. அந்த முடிவை எடுத்ததுதான் அன்றைக்கு நான் செய்த ஒரே நல்ல காரியம். இன்னும் அரை நிமிடம் இழுத்தடித்திருந்தால் மரங்களுக்கு மேல் இருந்திருப்பேன்.

கீழே வயல்கள். அந்தப் பகுதி லாவண்டர் நாடு. மேலிருந்து பார்த்தால் கோடு போட்ட மாதிரி சாம்பல் பச்சை வரிசைகள், அழகோ அழகு. இறங்கினால் நாசம். செடி கட்டைபோலக் கடினம், வரிசைக்கு வரிசை பள்ளம். எனக்கு யாரும் சொல்லவில்லை. முந்தைய நாள் காரில் போகும்போது இறங்கி ஒரு செடியைத் தொட்டுப் பார்த்திருந்தேன், விறகு மாதிரி இருந்தது, அது நினைவுக்கு வந்தது. புது ஊருக்குப் போனால் முதல் நாளே வயல்களின் நடுவே நடந்து பாருங்கள், மேலிருந்து தெரியும் நிறம் எந்தப் பயிருடையது என்று. வரிசையில்லாத இளம்பச்சைத் துண்டு ஒன்று தெரிந்தது. முழங்காலுக்குக் கீழே இருக்கும் கோதுமை. மலையை நோக்கி ஏறும் சரிவு, எதிர்காற்று, இரண்டும் ஒரே திசை. முள் இன்னும் 1,100 அடி என்று பொய் சொல்லிக்கொண்டிருக்க, தொட்டுவிடும் தூரம்போல ஓக் மரங்கள் தனித்தனிக் கிளையாகத் தெரிந்தன. முள்ளை நம்புவதை விட்டுவிட்டுக் கண்ணை மட்டும் நம்பினேன்.

ஏறுசரிவில் இறங்கும்போது கண் இன்னொரு பொய் சொல்லும்: நாம் ரொம்ப உயரத்தில் இருப்பதுபோலக் காட்டும், இன்னும் கீழே இறங்கத் தோன்றும். கூடாது. கூடவே, சரிவுக்கு இணையாக மூக்கைத் தூக்க வழக்கத்தைவிட அதிக வேகம் தேவை. அன்றைய காற்றுக்கு வேறு பத்து நாட் கூடுதல். அது தெரிந்து செய்தேனா பயத்தில் வேகமாக வந்தேனா என்று இன்றும் சொல்ல முடியாது. சக்கரம் தொட்டது, நாற்பது மீட்டரில் நின்றது, நிற்பதற்கு முன் உழவு வரப்பு ஒன்றில் ஏறி இறங்கியது. சக்கரத்தை மூடும் வலதுபக்கக் கதவு பிய்ந்தது. நிற்கும் முன் ரடரால் குறுக்கே திருப்பியிருந்தால் பின்னால் உருளும் பிரச்சினை வந்திருக்காது. அதுவும் பிறகு கற்றதுதான்.

இருபத்தைந்து நிமிடம் பிரேக்கைப் பிடித்துக்கொண்டிருந்தேன். டிராக்டரில் வந்த விவசாயி ஒன்றும் கேட்கவில்லை. இறங்கி, வயலோரத்திலிருந்து இரண்டு கல்லைத் தூக்கி வந்து சக்கரத்துக்கு முட்டுக் கொடுத்தார். பிறகு காற்று வரும் பக்கத்து இறக்கையைக் கையால் அழுத்தித் தரையில் படுக்கவைத்து, என் பாராசூட்டை அதன் மேல் வைக்கச் சொல்லிச் சைகை காட்டினார். இது அவருக்கு முதல் கிளைடர் இல்லை போலிருக்கிறது. "வாஷ்" என்று சொல்லிச் சிரித்தார். தளத்துக்கு வெளியே இறங்குவதை பிரெஞ்சுக்காரர்கள் 'மாட்டிடம் போவது' என்பார்கள். வாஷ் என்றால் பசுமாடு. சுற்றிலும் ஒரு மாடும் இல்லை.

நண்பர்கள் டிரெய்லரோடு வரும்போது மணி நாலரை. அந்தக் காற்றில் இறக்கையைக் கழற்ற நான்கு பேர் போதாமல் விவசாயியின் மகனும் கை கொடுத்தான். கணக்கு இதோ: காப்பீட்டில் நாம் கட்ட வேண்டிய பங்கு 600 பவுண்டு. பயிருக்கு 100 யூரோ, அவர் மறுத்தும் கொடுத்தோம். மீட்க வந்தவர்களுக்கு இரவுச் சாப்பாடு வாங்கித் தருவது வழக்கம், 140 யூரோ. கதவு சரியாகும்வரை கிளைடர் பறக்கக்கூடாது என்றார்கள், பதினான்கு நாளில் பத்து நாள் போச்சு. அதற்கான வாடகையும் போச்சு. மிச்சம் பிடித்தது பதினைந்து யூரோ. வீட்டில் மனைவியிடம் அன்றிரவே சொன்னேன். ஊரில் அம்மாவிடம் இன்னும் சொல்லவில்லை.

இரவு டக் விமானியைத் தேடிப் போனேன். ஹேங்கர் வாசலில் கயிற்றைக் கையில் ஓடவிட்டுப் பார்த்துக்கொண்டிருந்தார், ஒவ்வொரு முழமாக. பயிற்சியாளர் மொழிபெயர்த்தார். அவர் திட்டவில்லை. திட்டியிருக்கலாம். ஸ்டிக்கை வயிற்றோடு ஒட்டி இழுத்துக் காட்டினார்: "இவ்வளவு இழுத்தும் என் மூக்கு எழவில்லை. என் பக்கம் கயிற்றை விடும் ரிலீஸில் கை வைத்துவிட்டேன். கயிறு தொய்ந்தது, அதனால் இழுக்கவில்லை." பிறகு கேட்டார்: "ஆயிரத்து ஐந்நூறு என்று நான் எதற்குச் சொன்னேன் தெரியுமா?" அந்த உயரத்திலிருந்துதான் இறங்குகாற்றைத் தாண்டித் தளத்துக்குத் திரும்ப முடியும், அவர் என்னை ரோட்டரின் முன்பக்கத்துக்கு, அமைதியான காற்றுக்குக் கொண்டுபோய்க்கொண்டிருந்தார், இன்னும் இரண்டே நிமிடத்தில் போயிருப்போம். விடும்போது ரேடியோவில் அவர் கேட்டது "உனக்கு நிச்சயமா?" என்று. நான் "உய்" என்றிருக்கிறேன். அன்று அவர் எனக்கு மூன்று பிரெஞ்சுச் சொற்கள் கற்றுக்கொடுத்தார்: ப்ளூ வீத், இன்னும் வேகமாக. மொவான் வீத், மெதுவாக. லார்கே, விட்டுவிட்டேன். எந்த நாட்டில் பறந்தாலும் இந்த மூன்றையும் அந்த ஊர் மொழியில் மனப்பாடம் செய்துகொள்ளுங்கள். புறப்படும் முன் டக் விமானியிடம் எந்த வழி, எந்த உயரம், கயிறு அறுந்தால் எங்கே என்று கேளுங்கள். ஐந்து நிமிடம். அவர் கோபித்துக்கொள்ள மாட்டார், காரணம் உங்கள் கயிற்றின் மறுமுனையில் இருப்பது அவர்.

ஒன்பதாம் நாள் மறுபடியும் மிஸ்ட்ரால். கூட்டத்தில் அதே கேள்வி. கை தூக்கினேன். எங்கள் கிளப் நண்பன் ஒருவனும் தூக்கினான், அவனும் போனதில்லையாம். இரட்டை இருக்கை டூயோ டிஸ்கஸ், பின்னால் பயிற்சியாளர், முன்னால் அதே டக், அதே பெரியவர். பட்டைகளை மூச்சு முட்ட இறுக்கினேன், இடது கை மஞ்சள் குமிழுக்குப் பக்கத்தில். டக் எகிறியது, நான் இரண்டு நொடி எண்ணினேன், நாங்களும் எகிறினோம். வழி முழுக்கப் பின்னாலிருந்து நிமிடத்துக்கு ஒருமுறை ஒரே கேள்வி: "கயிறு இப்போது அறுந்தால் எங்கே?" ஆற்றங்கரை. தளம், இடதுபுறம் திரும்பி. அந்தச் சாலையோர நீள வயல். க்ரூயி ஊருக்கு மேலே வந்தபோது மறுபடியும் கேட்டார். கீழே பச்சைத் துண்டில் என் சக்கரத் தடம் இன்னும் ஒரு கோடாகத் தெரிந்தது.

"அங்கே மட்டும் வேண்டாம்" என்றேன்.